அரை மாத்திரைதானே என்று நினைக்காதீர்கள்: ஃபெனிட்டாய்ன் உடம்புக்குள் என்ன செய்கிறது?

அயனாவரத்தில் நான் வேலை பார்க்கும் மருந்துக்கடைக்கு மாதாமாதம் வரும் ஓர் அக்கா, போன வருடம் ஒரு சாயங்காலம் எதுவும் வாங்காமல் ஓரமாகவே நின்றுகொண்டிருந்தார். கூட்டம் குறைந்ததும் கிட்டே வந்து, "தம்பி, இவரு பத்து நாளா ஒரு மாதிரி தள்ளாடி நடக்கறாரு. குடிச்சிட்டு வர்றாருன்னு பக்கத்து வீட்ல பேசறாங்க. இவரு அதைத் தொடவே மாட்டாரு" என்றார். கணவருக்குக் கோயம்பேடு பூ மார்க்கெட்டில் வேலை, ராத்திரி ஒரு மணிக்கே எழுந்து போக வேண்டும். பல வருடமாக வலிப்புக்கு ஃபெனிட்டாய்ன் சாப்பிடுகிறவர். நம் கடைகளில் எப்டாயின் என்று கேட்டு வாங்குவார்களே, அதேதான். சில வாரம் முன்பு அவருக்கு மறுபடியும் ஒருமுறை ஃபிட்ஸ் வந்திருக்கிறது. மருத்துவர் ஒரு நாளைக்கு 300 மில்லிகிராமாக இருந்ததை 350 ஆக்கி, கூட ஒரு 50 மாத்திரை எழுதியிருக்கிறார். வீட்டில் 100 மாத்திரை நிறைய இருந்ததால் இவர், 'ஐம்பதுக்காகத் தனியா ஒரு அட்டை எதுக்கு, நூறாவே போட்டுக்கலாம், சீக்கிரம் கேட்கும்' என்று 400 ஆகச் சாப்பிட்டு வந்திருக்கிறார்.

அவரைக் கூட்டி வரச் சொல்லி ஸ்டூலில் உட்காரவைத்து, தலையை அசைக்காமல் என் விரலைக் கண்ணால் மட்டும் பின்தொடரச் சொன்னேன். விரல் ஓரத்துக்குப் போனதும் கண் அங்கே நிற்காமல் துடித்துத் துடித்துத் திரும்பியது. பேச்சும் கொஞ்சம் குழறியது. அன்று இரவே மருத்துவமனைக்குப் போகச் சொன்னேன், போனார்கள். இரத்தத்தில் ஃபெனிட்டாய்ன் மில்லிக்கு 34 மைக்ரோகிராம் என்று வந்தது. இருக்க வேண்டியது 10 முதல் 20 வரை.

எழுதிக் கொடுத்ததைவிட அவர் கூடுதலாகச் சாப்பிட்டது ஒரு நாளைக்கு 50 மில்லிகிராம், அதாவது 100 மாத்திரையில் பாதி. அந்தப் பாதிக்கு இவ்வளவு தூரம் ஆளைத் தள்ளாடவைக்க முடியுமா என்று அக்கா கேட்டார். முடியும். ஏன் முடியும் என்பது புரிந்துவிட்டால் இந்த மருந்தைப் பற்றி முக்கால்வாசி புரிந்த மாதிரி. அதனால் அதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

முதலில் இந்த மருந்து மூளையில் என்ன செய்கிறது என்று பார்ப்போம். நரம்பு செல்கள் ஒன்றோடொன்று மின்துடிப்பால் பேசிக்கொள்கின்றன. துடிப்பு கிளம்ப வேண்டுமானால் செல்லின் சுவரில் இருக்கும் நுண்ணிய வாசல்கள் திறந்து சோடியம் உள்ளே பாய வேண்டும். பாய்ந்ததும் வாசல் தானாக மூடி, ஒரு கணம் ஓய்வெடுத்து, அப்புறம்தான் மறுபடி திறக்கும். மெட்ரோ ரயில் நிலையத்தில் கார்டைக் காட்டினால் தடுப்புத் திறக்கும், ஒருவர் போனதும் மூடும், அடுத்தவருக்கு மறுபடி திறக்கும், அந்த மாதிரி. வலிப்பு என்பது மூளையின் ஒரு பகுதியிலோ முழுவதிலுமோ செல்கள் எல்லாம் ஒரே நேரத்தில், அடக்கமில்லாத வேகத்தில் துடிப்பது. ஃபெனிட்டாய்ன் வாசலை ஒரேயடியாகப் பூட்டுவதில்லை. மூடிய வாசல் அடுத்து திறப்பதற்கு எடுத்துக்கொள்ளும் அந்த ஓய்வை நீட்டுகிறது, அவ்வளவுதான். நிதானமாக ஒவ்வொருவராக வருகிறவர்களுக்கு அது தடையே இல்லை. முண்டியடித்துக்கொண்டு ஓடி வரும் கூட்டம்தான் மாட்டிக்கொள்ளும். அதனால்தான் சரியான அளவில் இருக்கும்போது நினைப்பும் பேச்சும் நடையும் பெரும்பாலும் வழக்கம்போலவே இருக்க, வலிப்பு மட்டும் அடங்குகிறது. ஒன்றைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்: எல்லா வகை வலிப்புக்கும் இது சரிப்படாது. சில நொடி வெறித்துப் பார்த்துவிட்டுத் திரும்பும் குழந்தைகளின் வகைக்கும், காலையில் கை கால் வெடுக் வெடுக்கென்று உதறும் வகைக்கும் இதைக் கொடுத்தால் வலிப்பு இன்னும் அதிகமாகலாம். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கேட்டது என்று நம் பிள்ளைக்கு வாங்கக் கூடாது என்பது இதனால்தான்.

இந்த மருந்துக்கு வயது அதிகம். ஹைன்ரிக் பில்ட்ஸ் என்ற ஜெர்மன் வேதியியலாளர் 1908-இல் இதை உருவாக்கினார், அப்போது இது எதற்குப் பயன்படும் என்று யாருக்கும் தெரியாது. முப்பது வருடம் கழித்து, 1938-இல், அமெரிக்காவின் பாஸ்டனில் மெரிட், புட்னம் என்ற இரண்டு மருத்துவர்கள் இது வலிப்பை அடக்குகிறது, அதே நேரம் ஆளை மயக்கத்தில் தள்ளுவதில்லை என்று கண்டு சொன்னார்கள். அன்றைக்கு அது பெரிய விஷயம். அதற்கு முன் இருந்த புரோமைடும் ஃபீனோபார்பிட்டாலும் வலிப்போடு சேர்த்து ஆளையும் தூங்கவைத்துவிடும்.

சரி, விழுங்கிய மாத்திரைக்கு என்ன ஆகிறது? குடலில் மெதுவாகக் கரைந்து இரத்தத்தில் கலக்கிறது. கலந்ததில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு அல்புமின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொண்டு சும்மா சுற்றும், ஒட்டாமல் மிஞ்சும் பத்துப் பங்குதான் மூளைக்குள் போய் வேலை செய்யும். வெளியேற்றுகிற வேலை கல்லீரலுடையது. அங்கே சி.ஒய்.பி.2சி9, சி.ஒய்.பி.2சி19 என்று இரண்டு நொதிகள் ஃபெனிட்டாய்னைச் சிதைக்கின்றன, சிதைந்தது சிறுநீரில் போகிறது. கதையே இந்த நொதிகளில்தான் இருக்கிறது.

பெரும்பாலான மருந்துகளில், இரத்தத்தில் எவ்வளவு அதிகம் இருக்கிறதோ அவ்வளவு அதிகமாகக் கல்லீரலும் சிறுநீரகமும் வெளியேற்றிவிடும். அளவை இரட்டிப்பாக்கினால் இரத்தத்திலும் ஏறக்குறைய இரட்டிப்பாகும், அதற்கு மேல் போகாது. ஃபெனிட்டாய்ன் அப்படி இல்லை. தி. நகர் பக்கம் ரயில் பாதைக்குக் கீழே இருக்கும் சுரங்கப்பாதையை நினைத்துக்கொள்ளுங்கள். மழை வந்தால் தண்ணீரை இறைக்க அங்கே மோட்டார் இருக்கும். மணிக்கு இவ்வளவு லிட்டர் என்று அந்த மோட்டாருக்கு ஓர் உச்சம் உண்டு. வருகிற தண்ணீர் அதற்குக் கீழே இருக்கும் வரை பாதை காய்ந்தே கிடக்கும், பைக் கூடப் போகும். மோட்டாரின் உச்சத்தைவிடக் கொஞ்சமே கொஞ்சம் அதிகமாக மழை பெய்தால் என்ன ஆகும்? கொஞ்சம் மட்டும் தண்ணீர் நிற்காது. மிஞ்சுகிற அந்தக் கொஞ்சம் மணிக்கு மணி சேர்ந்துகொண்டே போகும், காலையில் கணுக்கால் அளவு, மத்தியானம் முழங்கால், சாயங்காலம் பேருந்து மாட்டிக்கொள்ளும். மழை பெரிதாகக் கூடவில்லை, மோட்டார் ஏற்கெனவே தன் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது என்பதுதான் காரணம்.

நோயாளிகள் வழக்கமாகச் சாப்பிடும் அளவிலேயே இந்தக் கல்லீரல் மோட்டார் கிட்டத்தட்ட முழு வேகத்தில் ஓட ஆரம்பித்துவிடுகிறது. ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், கணக்குக்காக எடுத்துக்கொண்ட ஆள்தான், எல்லோருக்கும் இதே எண் வராது. 60 கிலோ எடை, ஒரு நாளைக்கு அதிகபட்சம் 420 மில்லிகிராம் சிதைக்கக்கூடிய கல்லீரல். அவர் 300 மில்லிகிராம் சாப்பிட்டால் இரத்தத்தில் 10-க்குப் பக்கத்தில் போய் நிற்கும். 350 ஆக்கினால் 20. மாத்திரை ஆறில் ஒரு பங்குதான் கூடியது, இரத்தத்தில் இரட்டிப்பு. இன்னும் ஒரு 50 கூட்டி 400 ஆக்கினால்? 80-ஐ நோக்கி ஏறிக்கொண்டே இருக்கும். அங்கே போய்ச் சேர வாரக்கணக்கில் ஆகும், அதற்குள் ஆள் படுத்துவிடுவார். முதல் 50 செய்ததும் அடுத்த 50 செய்வதும் ஒன்றல்ல. கோயம்பேடு அண்ணனுக்கு நடந்தது இதுதான், 80-க்குப் போகும் வழியில் 34-இல் பிடித்துவிட்டோம்.

இன்னொரு கஷ்டம், ஒவ்வொருவருடைய மோட்டாரும் ஒவ்வொரு திறன். பிறவியிலேயே சி.ஒய்.பி.2சி9 நொதி சோம்பலாக இருப்பவர்கள் உண்டு, அவர்களுக்கு மற்றவர்களின் வழக்கமான அளவே மிஞ்சிப் போகும். ஆகவே "எங்க மாமாவுக்கு நானூறு போடறாங்க, எனக்கு ஏன் முன்னூறுதான்" என்று மருத்துவரிடம் சண்டை போடுவதில் அர்த்தமில்லை. அளவைக் கூட்டினால் அதன் முழுப் பலனோ பாதிப்போ தெரிய ஒரு வாரத்திலிருந்து மூன்று வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும் என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 'கூட்டி மூணு நாளாச்சு, ஒண்ணும் பண்ணலையே' என்று நினைத்து இன்னும் கூட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், பயமாக இருக்கும்.

அளவு மிஞ்சும்போது உடம்பு படிப்படியாகச் சொல்லும். 20-ஐத் தாண்டினால் ஓரமாகப் பார்க்கும்போது கண் துடிக்கும், சிலருக்கு இரண்டு இரண்டாகத் தெரியும். 30-ஐத் தாண்டினால் நடை தள்ளாடும், சட்டைப் பொத்தானைப் போட விரல் தடுமாறும். 40-க்கு மேல் பேச்சு குழறி, எந்நேரமும் தூக்கக் கலக்கமாக, குழப்பமாக ஆகிவிடும். சிலருக்கு இந்த எண்களுக்கு முன்பேயும் வரலாம். ரொம்ப மிஞ்சினால், எதைத் தடுக்க மருந்து கொடுத்தோமோ அந்த வலிப்பே கூடக்கூடும், அப்போது வீட்டில் இருப்பவர்கள் மருந்து போதவில்லை என்று நினைத்து இன்னொன்று கொடுத்துவிட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். தள்ளாடுகிறவரைப் பார்த்துக் குடித்திருக்கிறார் என்று முடிவு கட்டுவதற்கு முன், வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறாரா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பத்து நாள் அந்த மனிதர் தெருவில் தலை குனிந்து நடந்திருக்கிறார், எனக்கு அதுதான் இன்னும் மனதில் இருக்கிறது.

இரத்தப் பரிசோதனை பற்றி. எப்போது வேண்டுமானாலும் போய்க் கொடுப்பதல்ல இது. வழக்கமாக அடுத்த வேளை மாத்திரை போடுவதற்குச் சற்று முன்பு, பெரும்பாலும் காலையில், எடுப்பார்கள், ஆகவே மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு போய், இரத்தம் கொடுத்த பிறகு சாப்பிடுங்கள். கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்பதை எழுதிக் கொடுங்கள். முடிவில் வரும் எண் மில்லிக்கு எத்தனை மைக்ரோகிராம் என்ற அலகில் இருந்தால் 10 முதல் 20 என்பது இலக்கு. சில ஆய்வகங்களில் மைக்ரோமோல் என்று வேறு அலகில் கொடுப்பார்கள், அதில் இதுவே 40 முதல் 80. அலகைப் பார்க்காமல் எண்ணை மட்டும் பார்த்து அலற வேண்டாம். இன்னொன்று, அல்புமின் குறைந்தவர்களுக்கு, அதாவது சிறுநீரகக் கோளாறு, கல்லீரல் கோளாறு, ரொம்ப மெலிந்த முதியவர்கள், கர்ப்பிணிகள், இவர்களுக்கெல்லாம் ஒட்டாமல் திரியும் பங்கு கூடுதலாக இருக்கும். மொத்த எண் 12 என்று சாதுவாகத் தெரியும், ஆனால் ஆள் தள்ளாடுவார். அங்கே எண்ணைவிட ஆளைத்தான் நம்ப வேண்டும், அல்புமினையும் சேர்த்துப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

இப்போது கடையில் எனக்குத் தினமும் வரும் கேள்வி: "இந்தக் கம்பெனி இல்லைன்னா வேற கம்பெனி குடுங்க, எல்லாம் ஒண்ணுதானே?" காய்ச்சல் மாத்திரைக்கு நானும் ஆமாம் என்றுதான் சொல்வேன். ஃபெனிட்டாய்னுக்குச் சொல்ல மாட்டேன். 1968-இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரத்தில் ஒரே மருந்தை வருடக்கணக்காக நிம்மதியாகச் சாப்பிட்டு வந்தவர்கள் பலர் திடீரென்று தள்ளாடத் தொடங்கினார்கள். அளவை யாரும் மாற்றவில்லை. தேடிப் பார்த்ததில், காப்ஸ்யூலை நிரப்பச் சேர்க்கும் வெறும் தூளை மாற்றியிருந்தார்கள் என்று தெரிந்தது. கால்சியம் சல்ஃபேட் இருந்த இடத்தில் லாக்டோஸ். மருந்தே இல்லாத அந்தத் தூள் மாறியதால் ஃபெனிட்டாய்ன் இன்னும் நன்றாகக் கரைந்து இரத்தத்துக்குள் போயிருக்கிறது, மோட்டார் ஏற்கெனவே உச்சத்தில் இருந்தவர்களுக்கு அது போதுமானதாகிவிட்டது. இதனால் அரசு மருத்துவமனையில் கொடுப்பதோ, முதல்வர் மருந்தகத்திலோ மக்கள் மருந்தகத்திலோ குறைந்த விலையில் கிடைப்பதோ தரம் குறைந்தது என்று நான் சொல்லவில்லை. எதில் ஆரம்பித்தீர்களோ அதிலேயே இருங்கள் என்கிறேன். மாறித்தான் ஆக வேண்டும் என்றால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு மாறுங்கள், அடுத்த சில வாரம் நடை, கண், தூக்கம் மூன்றையும் கவனியுங்கள். பழைய அட்டையின் ஒரு துண்டைப் பர்ஸில் வைத்திருந்தால் கடைக்காரருக்கும் சிரமமில்லை, உங்களுக்கும் இல்லை.

குழந்தைகளுக்குக் கொடுக்கும் பாட்டில் மருந்தில் இரண்டு கண்ணிகள் இருக்கின்றன. ஒன்று, 5 மில்லியில் 30 மில்லிகிராம் இருக்கும் பாட்டிலும் உண்டு, 125 மில்லிகிராம் இருக்கும் பாட்டிலும் உண்டு. ஒன்றுக்கு மற்றொன்றை மாற்றி அதே 5 மில்லியைக் கொடுத்தால் அளவு நான்கு மடங்கு தாண்டிவிடும். லேபிளைப் படித்துவிட்டுத்தான் கடையை விட்டுக் கிளம்ப வேண்டும். இரண்டாவது, மருந்து பாட்டிலின் அடியில் படியும். குலுக்காமல் ஊற்றினால் முதல் பாதி நாட்கள் பிள்ளைக்கு வெறும் தண்ணீர் மாதிரிப் போகும், வலிப்பு வரும், கடைசி நாட்களில் கெட்டியாகப் போகும், பிள்ளை தள்ளாடும். ஒரே பாட்டிலில் குறையும் மிகையும். ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்கி, சமையலறை ஸ்பூனில் இல்லாமல் அளவுக் கோடு போட்ட மூடியிலோ சிரிஞ்சிலோ அளந்து கொடுங்கள்.

ஒரு வேளை மறந்துவிட்டால்? ஞாபகம் வந்தவுடன் போட்டுக்கொள்ளலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டது என்றால் விட்டதை விட்டுவிட்டு அடுத்ததை மட்டும் போட வேண்டும். இரண்டையும் சேர்த்து விழுங்குவது வேண்டாம். ஒரு நாள் முழுக்க, இரண்டு நாள் விட்டுப்போனால் மருத்துவரைக் கூப்பிட்டுக் கேட்டுவிடுங்கள். நிறுத்துவது மட்டும் நம் இஷ்டத்துக்கு நடக்கவே கூடாத காரியம். திடீரென்று நிறுத்தினால் ஒன்று முடிவதற்குள் அடுத்தது என்று வலிப்பு விடாமல் வரலாம், அது உயிரைப் பறிக்கக்கூடியது. விரதம் இருக்கிறேன், மலைக்கு மாலை போட்டிருக்கிறேன், நோன்பு இருக்கிறேன் என்பவர்கள் நிறுத்தாமல் நேரத்தை எப்படி அமைத்துக்கொள்வது என்று முன்கூட்டியே கேட்டால் மருத்துவர்கள் வழி சொல்வார்கள். இரண்டு வருடமோ அதற்கு மேலோ வலிப்பே வராதவர்களுக்குச் சில சமயம் மருத்துவரே மாதக்கணக்கில் சிறிது சிறிதாகக் குறைத்து நிறுத்திப் பார்ப்பார், அது வேறு.

அப்புறம் மழைக்காலம். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் நம் ஊரில் எத்தனை தெருக்கள் நாள்கணக்கில் தண்ணீருக்குள் கிடந்தன என்று உங்களுக்கே தெரியும். கடை திறந்திருந்தாலும் போக முடியாது. ஐப்பசி தொடங்கும்போதே வீட்டில் பத்துப் பதினைந்து நாளுக்கான மாத்திரை கூடுதலாக இருக்கட்டும், தண்ணீர் புகாத டப்பாவில், மருந்துச் சீட்டின் நகலோடு.

மற்ற மருந்துகளோடு சேரும்போது ஃபெனிட்டாய்ன் ரொம்பத் தகராறு பண்ணும், இதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். நம் ஊரில் முக்கியமானது காசநோய் மருந்து. அதில் இருக்கும் ஐசோனியாசிட் கல்லீரல் மோட்டாரின் வேகத்தைக் குறைக்கும், ஃபெனிட்டாய்ன் ஏறும். அதே கூட்டில் இருக்கும் ரிஃபாம்பிசின் மோட்டாரைப் பெரிதாக்கும், ஃபெனிட்டாய்ன் இறங்கும். இரண்டையும் ஒன்றாகச் சாப்பிடும்போது எது ஜெயிக்கும் என்று ஆளைப் பார்த்துச் சொல்ல முடியாது, இரத்தத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். காசநோய் மருந்து தொடங்கும்போதும் சரி, முடிக்கும்போதும் சரி, பரிசோதனை வேண்டும். பூஞ்சைத் தொற்றுக்குக் கொடுக்கும் ஃபுளூகோனசோல், இதயத் துடிப்புக்குக் கொடுக்கும் அமியோடரோன் இரண்டும் ஃபெனிட்டாய்னை ஏற்றும். படர்தாமரைக்கு யாரோ சொன்னார்கள் என்று ஃபுளூகோனசோல் வாங்கிப் போடுகிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் ஆன்டாசிட் திரவம் உறிஞ்சுவதைக் குறைக்கலாம், இரண்டுக்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடலாம். மூக்கில் டியூப் வழியாக உணவு போகும் வீட்டு நோயாளிகளுக்கும் இதே சிக்கல் உண்டு, உணவுக்கும் மருந்துக்கும் எவ்வளவு இடைவெளி என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

எதிர்ப்பக்கமாக, ஃபெனிட்டாய்னே கல்லீரலை முடுக்கி மற்ற மருந்துகளைச் சீக்கிரம் சிதைத்து அனுப்பவைக்கும். கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கு அது வேலை செய்யாமல் போகலாம், வேறு முறையைப் பற்றி மருத்துவரிடம் பேசியே ஆக வேண்டும். மூளையில் நாடாப்புழுக் கட்டியால் வலிப்பு வருவது நம் நாட்டில் சாதாரணம், அதற்குக் கொடுக்கும் அல்பெண்டசோலின் பலனையும் இது குறைக்கும்.

பரீட்சை நேரத்தில் ஞாபக சக்திக்கு என்று சங்குபுஷ்பி கலந்த சிரப் வாங்கும் பெற்றோர்கள் நிறைய. மும்பையில் 1990-களின் தொடக்கத்தில், அதுவரை வலிப்பு அடங்கியிருந்தவர்களுக்கு அந்த மாதிரி மருந்து சேர்த்த பிறகு மறுபடி வலிப்பு வந்ததைக் கவனித்த மருத்துவர்கள், அது ஃபெனிட்டாய்ன் அளவை இறக்கிவிடுகிறது என்று காட்டினார்கள். பிள்ளைக்கு நல்லது என்று நினைத்துத்தான் வாங்குகிறார்கள், அதனால்தான் பில் போடும் முன் நான் ஒருமுறை கேட்டுவிடுவேன். மிளகிலிருந்து எடுக்கும் பைப்பரின் ஃபெனிட்டாய்ன் உறிஞ்சப்படுவதைக் கூட்டுகிறது என்றும் ஆராய்ச்சிகள் உண்டு. வழக்கமாக வைக்கும் மிளகு ரசத்தைக் கண்டு பயப்பட வேண்டாம், ஆனால் பைப்பரின் சேர்த்த காப்ஸ்யூலோ லேகியமோ தொடங்குவதாக இருந்தால் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். மருத்துவரிடம் போகும்போது நாட்டு மருந்துக்கடையில் வாங்கியதையும் சேர்த்து எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போவதுதான் என் யோசனை.

நீண்ட நாள் சாப்பிட்டால் வரும் தொந்தரவுகளில் முதலாவது ஈறு. பல்லை மூடும் அளவுக்குத் தடித்து வளரும், இளம் வயதினருக்கு அதிகம். மென்மையான பிரஷ், இரண்டு வேளை துலக்குதல், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் மருத்துவர், இவை அதை வெகுவாகக் குறைக்கும். முகத்தில் முடி வளர்வதும் முகம் தடிப்பதும் பெண் பிள்ளைகளுக்கு மனக்கஷ்டம், வெட்கப்பட்டு மருந்தை நிறுத்திவிடுவார்கள், வீட்டில் இருப்பவர்கள் அதைக் கவனித்துக் கேட்டு வேறு மருந்துக்கு மாற்ற முடியுமா என்று மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும். எலும்பு மெலியும், வைட்டமின் டி குறையும். ஃபோலிக் அமிலம் குறைந்து இரத்தசோகையும் வரலாம். அதற்கு என்று நாமே அதிக அளவு ஃபோலிக் அமிலம் வாங்கிப் போட்டால் ஃபெனிட்டாய்ன் இறங்கும் என்பதால் அதையும் கேட்டே செய்ய வேண்டும்.

மருந்து தொடங்கிய முதல் இரண்டு மாதத்துக்குள் உடம்பில் தடிப்பு வந்தால், அதோடு காய்ச்சலோ வாயிலும் கண்ணிலும் புண்ணோ நெறிகட்டுவதோ தோல் உரிவதோ சேர்ந்தால், அடுத்த ஓ.பி. நாள் வரை காத்திருக்காதீர்கள். நடுராத்திரியாக இருந்தாலும் அவசரப் பிரிவுக்குப் போங்கள், அட்டையையும் எடுத்துக்கொண்டு. அரிதாகத்தான் வரும், வந்தால் உயிருக்கே ஆபத்து. ஆசியர்களில் சிலருக்கு இருக்கும் எச்.எல்.ஏ.-பி1502 என்ற மரபணு வகையும், முன்னே சொன்ன சி.ஒய்.பி.2சி9-இன் சோம்பல் வகையும் இந்த ஆபத்தைக் கூட்டுகின்றன. ஒருமுறை இப்படி வந்தவர்கள், கார்பமாசெபின், ஃபீனோபார்பிட்டால் போன்ற வேறு வலிப்பு மருந்தை எழுதினாலும் மருத்துவரிடம் முன்பே சொல்லி எச்சரிக்க வேண்டும், அவற்றுக்கும் வரலாம்.

குழந்தை பெற நினைக்கும் பெண்களுக்கு: ஃபெனிட்டாய்ன் சிசுவைப் பாதிக்கும் வாய்ப்பு உண்டு. அதனால் கர்ப்பம் தரிப்பதற்கு முன்பே போய்ப் பேசுவதுதான் சரியான நேரம். நாள் தள்ளிப்போனது தெரிந்தவுடன் பயந்து மாத்திரையைத் தூக்கிப் போடுவது அம்மாவையும் குழந்தையையும் சேர்த்தே ஆபத்தில் தள்ளும். கல்யாணப் பேச்சில் இதை மறைக்கும் குடும்பங்களில்தான் மருந்து ஒளித்துச் சாப்பிட்டு, வேளை தவறி, வலிப்பு வருகிறது. இந்து திருமணச் சட்டத்தில் திருமணத்துக்குத் தடையாக இருந்த வலிப்பு என்ற வார்த்தையையே 1999-இல் நீக்கிவிட்டார்கள். சட்டம் விட்டதைச் சொந்தக்காரர்கள் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

மருத்துவமனையில் ஊசியாகப் போடும்போது 'ஏன் இவ்வளவு மெதுவா ஏத்தறாங்க' என்று சத்தம் போடாதீர்கள். பெரியவர்களுக்கே நிமிடத்துக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, தாண்டினால் இரத்த அழுத்தம் விழும், இதயத் துடிப்பு தடுமாறும். அதற்காகத்தான் மானிட்டர் மாட்டுகிறார்கள். குளுக்கோஸில் கலந்தால் மருந்து திரிந்து படியும் என்பதால் நார்மல் சலைனில்தான் கலப்பார்கள். ஏற்றும் இடத்தில் எரிந்தாலோ கை நிறம் மாறினாலோ உடனே நர்ஸிடம் சொல்லுங்கள்.

வீட்டில் வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தோ இரும்போ திணிக்க வேண்டாம், வாயில் ஸ்பூனோ துணியோ மாத்திரையோ தண்ணீரோ எதுவும் வேண்டாம். தலைக்குக் கீழே துண்டை மடித்து வைத்து, கழுத்துப் பொத்தானைத் தளர்த்தி, கடிகாரத்தைப் பாருங்கள். உதறல் நின்றதும் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். 5 நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் மறுபடி வந்தாலோ 108.

கோயம்பேடு அண்ணனுக்கு மருத்துவமனையில் மாத்திரையைக் கொஞ்ச நாள் நிறுத்திவைத்துக் கண்காணித்தார்கள். மோட்டார் உச்சத்தில் ஓடும்போது தேங்கியது வடியவும் நேரம் எடுக்கும், நடை சீராக ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. அதற்குள் மருத்துவர் இன்னொன்றும் கேட்டிருக்கிறார், இந்த முறை வலிப்பு ஏன் வந்தது என்று. ஆடி மாதக் கோயில் ஆர்டர்களுக்காக இரண்டு வாரம் ராத்திரி மூன்று மணி நேரம்கூடத் தூங்காமல் வேலை பார்த்திருக்கிறார், அந்தச் சமயத்தில் ராத்திரி வேளை மாத்திரையும் நாலைந்து நாள் விட்டுப்போயிருக்கிறது. தூக்கம் கெட்டாலே வலிப்பு வரும், மாத்திரையும் விட்டுப்போனால் கேட்கவே வேண்டாம். இப்போது முதலாளியிடம் பேசிக் காலை ஏழு மணி வேலைக்கு மாறிவிட்டார். 300-இலேயே இருக்கிறார், கடைசியாகப் பார்த்த எண் 13. போன வாரம் அட்டை வாங்க அக்காவோடு அவரே வந்திருந்தார். வாங்கியதும் அட்டையைத் திருப்பிக் கம்பெனி பெயரையும் மில்லிகிராமையும் வாய்விட்டுப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் பையில் போட்டார்.